பத்துக்கு எட்டு

சாமியார்பேட்டைக்கு முன்னால் சவுக்குத்தோப்பில்
சைக்கிள்களைச் சாய்க்கும்போதே
கடல்மேல் இருட்டு கட்டிவிட்டது.
எச்சில் தொட்ட விரலை உயர்த்தி
"வாடை" என்றான் இன்னாசி.
"அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கட்டு.
இந்தப் பக்கம் தவழ்ந்து வெளியேறும் அளவு போதும்."

தார்ப்பாய் என்று நான் சொல்வது
ஒரு ஃபிளெக்ஸ் பேனர்.
பத்துக்கு எட்டு, ஓரமெல்லாம் பித்தளை வளையம்.
படம் வெளியே, வெள்ளை உள்ளே.
படத்தில் நான் இருக்கிறேன்.
பக்கத்தில் இவன் தங்கை செலஸ்தீன்.
கீழே வரிசையாகக் கைகூப்பும்
முத்தியால்பேட்டை நண்பர்கள் பதினாலு பேர்.
கோர்ட்டு எங்களைப் பிரித்து இரண்டு வருஷம்.
பேனரைக் கேட்டு
யாரும் மனுப் போடவில்லை.

கயிற்றில் இறங்கும் தண்ணீர்
கயிற்றோடே கூரைக்குள் வரும்.
ஷூ லேஸை இரண்டாக வெட்டி
இரு முனையிலும் வால் மாதிரித் தொங்கவிட்டான்.
தண்ணீர் வாலில் இறங்கி மண்ணுக்குப் போகுமாம்.
சவுக்கு ஊசிகளை வாரிக் குவித்து மெத்தை.
சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால்.
"மணல்தானே, அதுவே குடிக்காதா?" என்றேன்.
"குடிக்கும்.
குடிச்சு முடிச்சப்புறம்?"

அவன் பை ஆர்டர் போட்டு வந்தது,
மூச்சு விடும் துணி.
என்னுடையது
மஞ்சக்குப்பம் தையல்கடையில்
இரண்டு ரெயின்கோட்டைப் பிரித்துத் தைத்தது.
ஒரு சொட்டு இறங்காது என்று
டெய்லர் சத்தியம் செய்தார்.

எட்டரைக்கு வந்தது.
முதலில் சவுக்கின் உச்சியில் ஒரு சீறல்,
பிறகு எங்கள் தலைக்கு ஒரு முழம் மேலே
யாரோ மூட்டை மூட்டையாக உளுந்து கொட்டினார்கள்.
மின்னலில் வெள்ளை கரைந்து
நாங்கள் தெரிந்தோம்,
வலது இடமாக.
அவள் தப்பான பக்கம் நின்றாள்.
எங்கள் பெயர்கள் முதுகைக் காட்டின.
அவனும் பார்த்திருப்பான்.

"போன வாரம் பேசினா" என்றான்.
"ம்."
"உன் சைக்கிளைப் பத்திக் கேட்டா."
"சைக்கிளையா?"
"செயின் மாத்திட்டானான்னு."
உளுந்து கொட்டிக்கொண்டே இருந்தது.
நான் ஜிப்பை
நெற்றிவரை இழுத்துக்கொண்டேன்.

ரெண்டு மணிக்குக் காற்று
கொண்டலாகத் திரும்பியது.
திறந்து வைத்த பக்கமே
சாரலுக்கு வாசல் ஆனது.
ஜட்டியோடு எழுந்து
டார்ச்சைப் பல்லில் கடித்து
தாழ்ந்ததை உயர்த்தி, உயர்ந்ததைத் தாழ்த்தினோம்.
அவன் முடிச்சு என் விரலுக்கு அவிழவில்லை,
என் முடிச்சு தானாகவே அவிழ்ந்திருந்தது.
நடுவில் பேனர் தொப்பை போட்டுத்
தண்ணீர் தேக்கியிருந்தது.
உள்ளிருந்து உள்ளங்கையால் மேலே தள்ளினேன்,
ஒரு குடம் சரிந்து வாய்க்காலில் விழுந்தது.
எந்த முகத்தில் கை வைத்தேன் என்று
பார்க்கவில்லை.

விடிந்தபோது
ஊசி மெத்தை காய்ந்திருந்தது.
லேஸ் வால்கள் சொட்டிக்கொண்டிருந்தன, வெளியே.
இன்னாசி காய்ந்திருந்தான்.
நான் மட்டும்
தண்ணியில் போட்டெடுத்த துணி மாதிரி இருந்தேன்.
பையில் ஓட்டை தேடினேன்.
தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஓட்டை இல்ல, அதான் பிரச்சினை" என்றான்.
"ராத்திரி பூரா நீ விட்ட மூச்சுதான் அது.
மூக்கை வெளியே வைன்னு படுக்கும்போதே சொன்னேன்.
மூஞ்சி கொஞ்சம் நனையட்டும்.
அப்பதான் மத்தது காயும்."

பையை உள்வெளியாகத் திருப்பிச்
சவுக்குக் கிளையில் போட்டேன்.
உள்ளே நான் விட்டதெல்லாம்
முத்து முத்தாக
வெயிலில் நின்றது, கொஞ்ச நேரம்.

பேனரை மடிக்கும்போது
ஆளுக்கொரு முனை.
"முகத்தோட முகம் படாம மடி,
ஈரத்துல ஒட்டிக்கும்,
பிரிச்சா மை உரிஞ்சிடும்."
அப்படியே மடித்தோம்,
முகங்கள் வெளியே பார்க்க.
செலஸ்தீனின் காதோரம்
ஒரு சவுக்கு ஊசி ஒட்டியிருந்தது.
அதை அவன் எடுக்கவில்லை.
நானும்.

ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில்
என் செயின் கழன்றது.
முன்னால் போனவன்
ஒரு காலை ஊன்றி நின்றான்,
திரும்பிப் பார்க்காமல்,
நான் மாட்டி முடிக்கும் வரை.